நேராக வைத்தால் பிழை, கோணலாக வைத்தால் ஓடுகிறது

போன ஞாயிற்றுக்கிழமை காட்பாடியிலிருந்து குடியாத்தம் போயிருந்தேன், சித்தி வீட்டுக்கு. சித்தப்பாவுக்கு லுங்கி வியாபாரம். தறிக்காரர்களிடம் வாங்கி வேலூர், ஆம்பூர், ஆற்காடு பக்கம் இருக்கிற கடைகளுக்கு அனுப்புகிறார். அவர் மகள் பி.சி.ஏ. இரண்டாம் வருடம் படிக்கிறாள். கல்லூரியில் பைத்தான் நிரல்மொழிதான். ஹாஸ்கெல் என்ற இன்னொரு நிரல்மொழியையும் கற்றுக்கொள் என்று ஆறு மாதமாக நச்சரித்தது நான்தான், அதனால் அவள் எழுதியதைப் பார்க்காமல் சாப்பிட உட்கார முடியாது. கடைவாரியாக எத்தனை லுங்கி போயிருக்கிறது, எவ்வளவு பாக்கி என்று கணக்குப் போடும் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தாள். நன்றாகவே எழுதியிருந்தாள்.

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி அவள் கேட்ட முதல் கேள்வி இது: "இன்னாண்ணா இது, நேரா வெச்சா திட்டுது, கோணலா வெச்சா ஓடுது?"

எனக்கு உடனே புரியவில்லை. அப்புறம் திரையைப் பார்த்தேன். உண்மைதான். ஒரு கடைப் பெயருக்குக் கீழே இரண்டு மூன்று வரிகள், ஒன்றுக்கொன்று நேராக வரவேண்டியவை, கண்ணுக்கு நன்றாகவே விலகித் தெரிகின்றன. நிரல் ஓடுகிறது. அவற்றை நேராக்கினால் ஓடவில்லை. பிழை போகும்வரை ஸ்பேஸ் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள், ஒவ்வொரு கடைக்கும். பதினேழு கடைகள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஹாஸ்கெல் உள்தள்ளலை, அதாவது வரிக்கு முன்னால் நாம் விடும் இடத்தை, எப்படிப் படிக்கிறது என்பதை முழுதாகச் சொல்ல வேண்டும். அன்று அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் ஹாஸ்கெலை ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறவர்களில் நிறையப் பேர் மோனாட் என்ற கடினமான கருத்தைப் பார்த்து ஓடுவதில்லை, நிரலின் அமைப்பு புரியவில்லை என்று வரும் "பார்ஸ் எர்ரர்" பார்த்துத்தான் ஓடுகிறார்கள் என்று நான் நம்புகிறேன்.

முதலில் ஒன்று. ஹாஸ்கெலுக்கு உண்மையில் உள்தள்ளல் தேவையே இல்லை. சி மொழி மாதிரி நெளிவு அடைப்பும் அரைப்புள்ளியும் போட்டு எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதலாம், அது சரியான ஹாஸ்கெல்தான். நாம் அடைப்பு போடாவிட்டால் கம்பைலர் (நிரலைப் படித்து ஓடக்கூடியதாக மாற்றும் மென்பொருள்) நமக்காகப் போட்டுக்கொள்கிறது. எங்கே போடுவது என்று தெரிந்துகொள்ள நம் உள்தள்ளலைப் பார்க்கிறது, அவ்வளவுதான். இதற்குப் பெயர் லேஅவுட் ரூல். இந்த யோசனையை 1966-லேயே பீட்டர் லாண்டின் ஐஸ்விம் என்ற மொழிக்காக எழுதி வைத்துவிட்டார். கால்பந்தில் வரும் ஆஃப்சைடுதான் அதற்கு அவர் வைத்த பெயர். அங்கிருந்து டேவிட் டர்னரின் மிராண்டா, அங்கிருந்து 1990-ல் வந்த முதல் ஹாஸ்கெல் என்று கை மாறி வந்தது.

கட்டம் போட்ட கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். இடது ஓரக் கட்டம் 1. ஹாஸ்கெலில் நான்கு சொற்கள்தான் ஒரு பிளாக்கை (அடைப்புக்குள் சேர்ந்து நிற்கும் வரிகளின் தொகுப்பை) திறக்கும்: லெட், வேர், டூ, ஆஃப். (கேஸுக்கு வரும் ஆஃப். சில எக்ஸ்டென்ஷன்களை, அதாவது மொழியின் கூடுதல் வசதிகளை, சேர்த்துக்கொண்டால் இன்னும் ஒன்றிரண்டு உண்டு, அதை இப்போது விடுங்கள்.) இந்த நான்கில் ஒன்று வந்ததும் கம்பைலர் அதற்கு அடுத்த சொல் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்கிறது. அடுத்த சொல் அதே வரியில் இருந்தாலும் சரி, பத்து வரி தள்ளி இருந்தாலும் சரி, அதன் கட்டம்தான் அந்த பிளாக்கின் கட்டம். பிறகு ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் பார்க்கும். அதே கட்டத்தில் இருந்தால் புது வாக்கியம், அரைப்புள்ளி போடு. வலது பக்கம் தள்ளியிருந்தால் மேல் வரியின் தொடர்ச்சி, ஒன்றும் போடாதே. இடது பக்கம் வந்துவிட்டால் பிளாக் முடிந்தது, அடைப்பை மூடு.

"அடுத்த சொல்" என்பதைக் கவனியுங்கள். பைத்தான் படித்து வருகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். பைத்தான் பார்ப்பது வரியின் தொடக்கத்தில் இருக்கும் ஸ்பேஸை மட்டும். ஹாஸ்கெலில் வரியின் நடுவில் ஒரு டூ வந்து, அதற்குப் பக்கத்திலேயே முதல் வாக்கியமும் வந்துவிட்டால், நடுவரியில் இருக்கிற அந்தச் சொல்லின் கட்டம்தான் கணக்கு. அதற்கு முன்னால் அந்த வரியில் எத்தனை எழுத்து இருக்கிறது என்பது முழுக்கக் கணக்கில் வந்துவிடும்.

சித்தப்பாவின் அப்பா குழித்தறி போட்டவர். கட்டம் போட்ட லுங்கிதான். அவர் சொல்லி நான் சின்ன வயதில் கேட்டது, பாவு இழை அச்சில் ஒரு கண் தள்ளிப் போய்விட்டால் அந்தக் கோடு லுங்கியின் கடைசிவரைக்கும் தள்ளியேதான் வரும், ஊடையை எவ்வளவு அழகாகப் போட்டாலும் திருத்த முடியாது, அறுத்துத் திரும்பக் கோக்க வேண்டியதுதான். என் தங்கைக்கு இதைச் சொன்னதும் பட்டென்று புரிந்துவிட்டது. முதல் சொல் எந்தக் கண்ணில் விழுந்ததோ, மற்ற வரிகள் எல்லாம் அந்தக் கண்ணில்தான்.

சரி, இப்போது கோணல் கதைக்கு வருவோம். அவள் நிரலில் வரி இப்படி: முதலில் ஒரு ஃபங்ஷன் பெயர், பிறகு மேற்கோளுக்குள் ஊர்ப் பெயர் தமிழில், பிறகு டாலர் குறி, பிறகு டூ, அதே வரியிலேயே முதல் வாக்கியம். ஊர்ப் பெயர் "குடியாத்தம்". நம் கண்ணுக்கு அது கு, டி, யா, த், த, ம் என்று 6 எழுத்து. ஆனால் யூனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையில்) க தனி, உகரக் கொம்பு தனி, ட தனி, இகரம் தனி, துணைக்கால் தனி, புள்ளிகள் தனித்தனி. எண்ணிப் பாருங்கள், 11 வரும். ஹாஸ்கெல் எண்ணுவது அந்த 11-ஐத்தான். "வேலூர்" கண்ணுக்கு 3, கணக்குக்கு 6. "ஆம்பூர்" கண்ணுக்கு 4, கணக்குக்கு 7. அதோடு, எடிட்டரில் ஆங்கில எழுத்துகளுக்குத்தான் எல்லாம் ஒரே அகலம், தமிழ் எழுத்து வேறொரு எழுத்துருவிலிருந்து வந்து தன் இஷ்டத்துக்கு இடம் எடுத்துக்கொள்ளும், ஞு எடுக்கும் இடம் வேறு, ர எடுக்கும் இடம் வேறு. ஆக நாம் கண்ணால் நேராக வைத்தால் கம்பைலருக்கு அது கோணல். கம்பைலருக்கு நேராக இருப்பது நமக்குக் கோணல். அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை.

இது ஏதோ கம்பைலர் எழுதியவர்களின் கவனக்குறைவு இல்லை. மொழியின் விதிகளைச் சொல்லும் ஹாஸ்கெல் 2010 அறிக்கையிலேயே இருக்கிறது: லேஅவுட் கணக்குக்கு எந்த யூனிகோடு எழுத்தானாலும் ஒரு ஆஸ்கி எழுத்தின் (சாதாரண ஆங்கில எழுத்தின்) அகலம்தான் என்று வைத்துக்கொள்ளப்படும், ஆனால் ஸ்பேஸ் அல்லாத எழுத்துகளின் அகலத்தை நம்பி உள்தள்ளல் அமையும்படி எழுதாமல் தவிர்த்துவிடுங்கள் என்று. அந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் மட்டும் நிரல் எழுதுகிறவர்கள் படித்துவிட்டுத் தாண்டிப் போகலாம். தமிழ்ப் பெயர்களோடு வேலை செய்கிற நமக்கு அது முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய வாக்கியம்.

இதோடு முடியவில்லை. கடைப் பட்டியலின் பழைய பிரதி ஒன்று சித்தப்பாவின் கணினியில் பழைய எழுத்துரு ஒன்றில் இருந்தது. அதை யூனிகோடுக்கு மாற்றி, விட்டுப்போன பெயர்களைச் சரிபார்த்து ஒட்டிக்கொண்டிருந்தேன். கொணவட்டம் கடையின் பெயரை எடுத்துவிட்டு, அதே கொணவட்டத்தைத் திரும்ப ஒட்டினேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை, திரையில் முன்பு இருந்த மாதிரியேதான் இருக்கிறது. ஆனால் அதுவரை ஓடிய வரி இப்போது ஓடவில்லை! காரணம் "கொ". அதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. பார்வைக்கு ஒன்றே. முதலாவது 2 கட்டம், இரண்டாவது 3. எழுத்துரு மாற்றியிலிருந்து வந்தது இரண்டாவது. முதல் வாக்கியம் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளிப் போய்விட்டது, கீழ் வரிகள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

அப்போது ஜிஹெச்சி என்ற ஹாஸ்கெல் கம்பைலர் கொடுத்த பிழைச் செய்தி இன்னும் மோசம். உள்தள்ளல் என்ற சொல்லே அதில் இல்லை. ஃபங்ஷனுக்கு டூ பிளாக்கைக் கொடுத்திருக்கிறீர்கள், அடைப்புக்குறி போடலாம் அல்லது பிளாக் ஆர்க்யுமெண்ட்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன் வேண்டுமா என்ற வகையில் கேட்கிறது. ஏன் அப்படி? கீழ் வரி பிளாக்கின் கட்டத்துக்கு இடப்பக்கம் இருப்பதால் டூ மூடிவிட்டது, ஆனால் வெளி வரியைவிட வலப்பக்கம் இருப்பதால் அது வெளி வரியின் தொடர்ச்சி, ஆகவே மூடிய டூவுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல் வந்து உட்கார்ந்த மாதிரி கம்பைலருக்குத் தெரிகிறது. இது தெரியாதவர்கள் அந்த எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிட்டு அடுத்து வரும் டைப் எர்ரரில் (மதிப்புகளின் வகை பொருந்தாத பிழையில்) ஒரு மாலையைத் தொலைப்பார்கள்.

இத்தனைக்கும் தீர்வு ஒரே ஒரு பழக்கம். பிளாக் திறக்கும் சொல்லோடு வரியை முடித்துவிடுங்கள். டூ எழுதியதும் எண்டர். ஆஃப் எழுதியதும் எண்டர். லெட் எழுதியதும் எண்டர். அடுத்த வரியை வெளி வரியைவிட இரண்டு ஸ்பேஸ் உள்ளே தொடங்குங்கள். அப்படிச் செய்தால் பிளாக்கின் கட்டத்துக்கு முன்னால் இருப்பது வெறும் ஸ்பேஸ் மட்டுமே, ஸ்பேஸின் அகலத்தில் யாருக்கும் சந்தேகம் வராது. தமிழ் வந்தால் என்ன, ஃபங்ஷன் பெயர் நீண்டால் என்ன.

சொற்களைத் தமிழ் எழுத்திலேயே வைத்துக் காட்டுகிறேன், உண்மையான நிரலில் அவை ஆங்கிலத்தில் இருக்கும், வடிவம் இதுதான்:

அனுப்புசெலவு ஊர் = கேஸ் ஊர் ஆஃப்
  "குடியாத்தம்" -> 0
  "கொணவட்டம்" -> 40
  _ -> 60

மெயின் = டூ
  லெட்
    எண்ணிக்கை = 12
    விலை = 350
  பிரிண்ட் (எண்ணிக்கை * விலை)

பாருங்கள், இந்தப் பக்கத்தின் எழுத்துரு எப்படி இருந்தாலும் இது படிக்க முடிகிறது. அம்புக்குறிகளைக்கூட நான் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நேராக்கவில்லை. சிலர் அதை அழகு என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒரு நீளமான ஊரைச் சேர்த்தால் அத்தனை அம்பையும் நகர்த்த வேண்டும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் பார்த்தால் ஒரு வரி மாற்றத்துக்குப் பதினெட்டு வரி மாறியதாகத் தெரியும், எது உண்மையான மாற்றம் என்று தேட வேண்டியிருக்கும்.

லெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அதிகம் அடி வாங்குவது அதில்தான். டூவுக்குள் "லெட் அ = 5" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரியில் ஆ-வைச் சேர்க்க நினைப்போம். பைத்தான் கை சும்மா இருக்காது, லெட்டைவிட இரண்டு ஸ்பேஸ் உள்ளே வைக்கும். தப்பு. பிளாக்கின் கட்டம் அ இருக்கும் கட்டம், லெட் இருக்கும் கட்டம் இல்லை. இரண்டு ஸ்பேஸில் வைத்தால் லெட் பிளாக் மூடிவிடும், ஆ அநாதையாக நிற்கும். அ-வைவிட ஒரு கட்டம் வலப்பக்கம் வைத்தால் அ-வின் தொடர்ச்சியாகிவிடும், 5-ஐ ஒரு ஃபங்ஷனாக நினைத்து ஆ-வை அதற்குக் கொடுத்து, பிறகு சமக்குறியைப் பார்த்துக் கம்பைலர் நிற்கும். பிழை சமக்குறியைக் காட்டும். சமக்குறியில் ஒரு தப்பும் இருக்காது. லெட்டோடு வரியை முடித்துவிட்டால் இந்த இரண்டும் இல்லை. அப்புறம், வேறு இடங்களில் லெட்டுக்குப் பின் வரும் இன் என்ற சொல், டூவுக்குள் லெட் எழுதும்போது தேவையில்லை. லெட்டுக்கு நேர்கீழே இன்னை வைத்தால் அது புது வாக்கியமாக எண்ணப்பட்டுப் பிழை வரும்.

அப்படியானால் "லெட் அ = 5 இன் அ + 1" என்று ஒரே வரியில் எழுதினால் மட்டும் எப்படி ஓடுகிறது, உள்தள்ளலே இல்லையே என்று தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. இதற்கென்றே ஒரு தனி விதி உண்டு: அடுத்த சொல் இந்த இடத்தில் இலக்கணப்படி பொருந்தவில்லை, ஆனால் பிளாக்கை இங்கே மூடினால் பொருந்தும் என்றால், கம்பைலர் மூடிக்கொள்ளும். நமக்கு வசதி. கம்பைலர் எழுதுகிறவர்களுக்குத் தலைவலி, ஏனென்றால் சொற்களைப் பிரிக்கும் பகுதியும் இலக்கணம் பார்க்கும் பகுதியும் தனித்தனியாக இருக்க முடியாமல் போகிறது.

இஃப் விஷயத்தில் பழைய புத்தகம் வைத்துப் படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். ஹாஸ்கெல் 98-ல் டூவுக்குள் இஃப், தென், எல்ஸ் மூன்றையும் ஒரே கட்டத்தில் வைத்தால் பிழை, தென்னுக்கு முன்னால் அரைப்புள்ளி விழுந்துவிடும். 2010-ல் அந்த அரைப்புள்ளியை ஏற்றுக்கொள்ளும்படி இலக்கணத்தையே தளர்த்திவிட்டார்கள். இருந்தாலும் நான் தென்னையும் எல்ஸையும் இரண்டு ஸ்பேஸ் உள்ளேதான் வைக்கிறேன், இரண்டும் இஃபைச் சேர்ந்தவை என்று கண்ணுக்கே தெரிகிறது. நீண்ட கணக்குகளை உடைக்கும்போதும் அப்படித்தான்: கூட்டல் குறியோ வேறு குறியோ, அதை அடுத்த வரியின் தொடக்கத்தில், உள்ளே தள்ளி.

டேப் வேண்டவே வேண்டாம். ஹாஸ்கெல் கணக்கில் டேப் 8 கட்டத்துக்கு ஒரு முறை நிற்கும். உங்கள் எடிட்டர் அதை 4 ஆகக் காட்டினால் மறுபடியும் கண்ணுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று. ஜிஹெச்சி எச்சரிக்கையோடு விடும். எஃப் ஷார்ப் என்ற மொழி சாதாரணமாக டேப்பை ஏற்பதே இல்லை, எனக்கு அந்தக் கண்டிப்புதான் பிடித்திருக்கிறது. எடிட்டரில் டேப் விசை ஸ்பேஸ் போடும்படி வைத்துவிட்டால் பிறகு நினைக்கவே வேண்டாம்.

இதுவரை சொன்ன பிழைகள் எல்லாம் கம்பைலர் பிடித்துவிடும் பிழைகள். புரியாத மொழியில் திட்டினாலும் திட்டிவிடுகிறது. பயப்பட வேண்டியது வேறொன்று. அவள் நிரலில் அதுவும் இருந்தது. பாக்கி இருந்தால் மட்டும் இரண்டு வரி அச்சிட வேண்டும்: கடைப் பெயரும் தொகையும் ஒரு வரி, "இந்த வாரம் பாக்கி அனுப்பவும்" என்பது ஒரு வரி. வென் என்று நிபந்தனை போட்டு டூ திறந்திருக்கிறாள். இரண்டாவது வரி இரண்டு ஸ்பேஸ் இடப்பக்கம் வந்துவிட்டது, வெளி டூவின் கட்டத்துக்குச் சரியாக. கம்பைலருக்கு ஒரு குறையும் இல்லை, டைப்பும் சரி. ஓட்டிப் பார்த்தால் பாக்கியே இல்லாத கடைக்கும் "பாக்கி அனுப்பவும்" வருகிறது. முன்பணம் கொடுத்து வாங்குகிற கடைக்காரரிடம் அந்தச் சீட்டு போயிருந்தால் சித்தப்பாவுக்கு எவ்வளவு சங்கடம். "நைனா கிட்ட காட்டாத, அண்ணா" என்றாள். காட்டவில்லை. இங்கே எழுதச் சம்மதம் வாங்கிக்கொண்டேன்.

வரியை முடிக்கும் பழக்கம் இதற்கு மருந்து இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி, சந்தேகம் வந்த இடத்தில் நாமே கம்பைலராக மாறி அடைப்பையும் அரைப்புள்ளியையும் பேனாவால் போட்டுப் பார்ப்பது. அன்று சாயங்காலம் அவளை அப்படித்தான் செய்யச் சொன்னேன். நிரலில் இருபது வரியை நோட்டில் எழுதிக்கொண்டாள், ஒவ்வொரு பிளாக்குக்கும் கட்டம் எண்ணைப் பக்கத்தில் குறித்தாள், ஒவ்வொரு வரியிலும் சமமா, வலமா, இடமா என்று பார்த்து அடைப்பு போட்டாள். முதல் ஆறு வரி மெதுவாகப் போனது, அப்புறம் நான் பக்கத்தில் இருக்கத் தேவைப்படவில்லை. வென் பிழையை அவளே பிடித்தாள், அடைப்பு மூடிய பிறகு அந்த வரி வெளியே நிற்பதைப் பார்த்து. ஃபைலின் மேலே இருக்கும் "மாட்யூல் மெயின் வேர்" என்பதில் உள்ள வேரும் ஒரு பிளாக்கைத் திறக்கிறது, முழு ஃபைலும் ஒரு பெரிய பிளாக்தான் என்பதையும் அந்த நோட்டிலிருந்துதான் கண்டுபிடித்தாள். எங்கிருந்தோ ஒட்டிய ஒரு ஃபங்ஷன் முன்னால் ஒரே ஒரு ஸ்பேஸோடு வந்து, அதற்கு மேலே இருக்கும் ஃபங்ஷனின் தொடர்ச்சியாகிப் போவதற்குக் காரணம் இதுதான்.

ஓர்மொலு மாதிரி, நிரலைத் தானாக ஒழுங்குபடுத்தும் ஒரு ஃபார்மேட்டர் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். போட்டுக்கொள்ளுங்கள், நானும் வைத்திருக்கிறேன், இரண்டு ஸ்பேஸ் முறைதான் அதற்கும். ஆனால் பார்ஸ் ஆகாத ஃபைலை அது தொடாது, ஆக பிழையில் மாட்டிக்கொண்டிருக்கும்போது உதவிக்கு வராது. பார்ஸ் ஆகித் தப்பான அர்த்தம் கொடுக்கும் ஃபைலை அந்தத் தப்பான அர்த்தத்தோடேயே அழகாக்கிக் கொடுக்கும்.

பதினேழு கடையையும் மாற்றி முடிக்க இரவு எட்டு மணி ஆகிவிட்டது. ஒவ்வொரு டூவுக்குப் பின்னும் எண்டர், இரண்டு ஸ்பேஸ். எல்லாம் முடிந்ததும் கொணவட்டத்தை வேண்டுமென்றே இரண்டு விதமாகவும் ஒட்டி ஓட்டிப் பார்த்தாள். இரண்டும் ஓடின. ஆனால் கணக்கில் கொணவட்டம் இரண்டு தனித்தனிக் கடைகளாக வந்து நின்றது, ஏனென்றால் எழுத்துத் தொடராக ஒப்பிடும்போது அவை இரண்டும் வேறு வேறு. அது உள்தள்ளல் விஷயம் இல்லை. பெயர்களை உள்ளே எடுக்கும் இடத்திலேயே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதற்குத்தான் போகிறேன்.